எம்மன்ஸ் சத்தம் வேண்டும், எம்எஸ்ஏ வாங்கத்தான் காசு இருக்கிறது: பிக்கப் மாற்றினால் போதுமா?

கேள்வி, நவம்பர் 4

கொஞ்ச காலமாக லாப் ஸ்டீல் (மடியில் வைத்து வாசிக்கும் கித்தார்) வாசிக்கிறேன். காலால் மிதித்துத் தந்தியின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீலுக்குப் போய்விடலாம் என்று முடிவு. ஹூஸ்டன் பக்கத்தில் இரண்டு பழைய கருவிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்று எழுபதுகளில் செய்த ஷோ-பட் ப்ரோ 2. இன்னொன்று அதே காலத்து எம்எஸ்ஏ கிளாசிக். இரண்டும் டபுள் நெக், அதாவது இ-9, சி-6 என்று இரண்டு சுருதி அமைப்புக்கு இரண்டு பத்துத் தந்தி வரிசை. உண்மையில் நான் ஆசைப்பட்டது எம்மன்ஸ் கம்பெனியின் புஷ்-புல் கருவிக்கு. அந்த விலை எனக்குக் கட்டாது. என் கணக்கு இது: எம்எஸ்ஏவை வாங்குகிறேன், அதிலிருக்கும் ஹம்பக்கரை (இரைச்சலைக் குறைக்க இரண்டு காயில் வைத்த பிக்கப்) கழற்றுகிறேன், நல்ல சிங்கிள் காயில் பிக்கப் போடுகிறேன். எம்மன்ஸ் சத்தத்தில் தொண்ணூறு சதவீதம் வந்துவிடும். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்தானே சத்தம்?

நவம்பர் 4, இரவு

வராது. அதற்காக எம்எஸ்ஏவை விட்டுவிடச் சொல்லவில்லை, என்னிடம் இருப்பதே எம்எஸ்ஏ கிளாசிக்தான். விவரமாக நாளை எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

நவம்பர் 5

எம்மன்ஸ் சத்தம் என்று எதைச் சொல்கிறோம்? தந்தியைத் தட்டிய கணத்தில் ஒரு விறைப்பான முன்பகுதி வரும். கீழ்த் தந்திகள் கம்மாமல் திறந்து ஒலிக்கும். மேல் தந்திகளில் கண்ணாடித் தெளிவு இருக்கும், ஆனால் காதைக் குத்தாது. அது எங்கிருந்து வருகிறது என்பதில் ஸ்டீல் ஆட்களுக்குள் ஓயாத சண்டை. பெரும்பாலானோர் கை நீட்டுவது, பெடல் மிதித்ததும் தந்தியை இழுத்தோ தளர்த்தியோ சுருதி மாற்றும் சேஞ்சரை நோக்கித்தான்.

ஷோ-பட் கதையைத் தெரிந்துகொண்டால் எம்மன்ஸ் புரியும். ஐம்பதுகளின் நடுவில் ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் சேர்ந்து நாஷ்வில்லில் ஆரம்பித்ததுதான் ஷோ-பட். இரண்டு பேரின் பெயரையும் வெட்டி ஒட்டிய பெயர். அறுபதுகளின் தொடக்கத்தில் எம்மன்ஸ் பிரிந்து போய், வட கரோலினாவின் பர்லிங்டனில் ரான் லாஷ்லியோடு சேர்ந்து தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். அங்கே பிறந்தது புஷ்-புல்.

புஷ்-புல்லில் சுருதியை ஏற்றுவதற்கு, பெடலையும் சேஞ்சரையும் இணைக்கும் கம்பி ஒரு திசையில் வேலை செய்யும், இறக்குவதற்கு எதிர்த்திசையில். பெடலை மிதிக்காதபோது, தந்தி தொங்கும் அந்த உலோகத் துண்டு (விரல் என்பார்கள்) சேஞ்சர் உடம்பின் மீது நேராக அழுந்தி நிற்கும். இடையில் ஒன்றும் கிடையாது. ஏற்றவும் இறக்கவும் கம்பி ஒரே திசையில் இழுக்கும் ஆல்-புல் கருவிகளில், எம்எஸ்ஏ உட்பட, ஏற்றும் துண்டும் இறக்கும் துண்டும் ரிவெட்டில் ஒன்றோடொன்று கோத்திருக்கும். தந்தியின் இழுவிசை அந்த ரிவெட், திருப்பும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் தாண்டித்தான் உடம்புக்குப் போகும். தந்தியின் அதிர்வு மரத்துக்குள் போகும் வழி இரண்டிலும் வேறு வேறு.

இது முழு விளக்கம் என்று நான் நம்பவில்லை. மேப்பிள் உடம்பு, அதன் மேல் ஒட்டிய ஃபார்மைக்கா, அலுமினிய நெக், முனைத் தகடு உடம்போடு எப்படி இறுக்கப்பட்டிருக்கிறது என்பது, இவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் பிக்கப் வருவது கடைசியில். பிக்கப் கேட்கும் காது மட்டும்தான், தந்தி எப்படி அதிர வேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. சரி, காந்தம் தந்தியை இழுக்குமே என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அந்த அளவுக்கு அது தலையிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

நவம்பர் 5, சாப்பாட்டுக்குப் பிறகு

ஒன்றை விட்டுவிட்டேன். டபுள் நெக் பழைய கருவியைப் பெட்டியோடு தூக்கிப் பாருங்கள், முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். எம்எஸ்ஏ கிளாசிக் அதிலும் கொஞ்சம் தாராளம். மாடி வீடு என்றால் சத்தத்தைப் பற்றி யோசிக்கும் முன் இடுப்பைப் பற்றி யோசியுங்கள்.

நவம்பர் 6

"ஒரே பிக்கப்பை இரண்டிலும் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை கேள்விப்பட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. போட்டுப் பார்த்திருக்கிறேன்.

என் நண்பர் ஒருவரிடம் எழுபதுகளின் புஷ்-புல் இருக்கிறது. பிக்கப் சுற்றித் தரும் ஒருவரிடமே ஒரே மாதிரி சுற்றிய இரண்டு சிங்கிள் காயில்கள் கிடைத்தபோது ஒன்றை அவர் கருவியில் போட்டோம், ஒன்றை என்னுடையதில். இரண்டின் மின்தடையும் 17 கிலோ ஓமைச் சுற்றி. தந்திகள் ஒரே கம்பெனி, ஆம்ப் ஒன்று, கேபிள் ஒன்று, பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி ஒன்று. நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், அவர் மாற்றி மாற்றி வாசித்தார். எது எது என்று சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. புஷ்-புல்லில் முன்பகுதி வந்து விழுகிறது, பிறகு ஒலி மெல்லச் சரிகிறது. எம்எஸ்ஏவில் முன்பகுதி உருண்டை, ஆனால் ஒலி சரியாமல் நீளமாகப் போகிறது. சஸ்டெய்னை மட்டும் கேட்டால் நான் எம்எஸ்ஏவைத்தான் எடுப்பேன். மெதுவான பாட்டில், பார் (இடது கையில் பிடித்துத் தந்தி மேல் நகர்த்தும் உலோக உருளை) மேலே ஏற ஏற ஒலி அப்படியே நிற்க வேண்டிய இடத்தில், அது தரும் சுகம் தனி.

அப்புறம் நாற்காலிகளை மாற்றிக்கொண்டோம். அவர் என் எம்எஸ்ஏவில் வாசித்தபோது, புஷ்-புல்லில் நான் வாசித்ததைவிட அது எம்மன்ஸ் போல இருந்தது. அவர் வலது கையை பிக்கப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பார் பக்கமாக வைத்துத் தட்டுகிறார். நான் பிக்கப்பின் தலை மேலேயே தட்டும் பழக்கம். கையை நான்கு விரல்கடை நகர்த்தினால் கிடைக்கும் மாற்றம், நான் அதுவரை பிக்கப்புக்குச் செலவழித்த பணத்தில் கிடைத்த மாற்றத்தைவிடப் பெரிது. வீட்டில் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 7

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. மனதில் வந்த வரிசையில் எழுதுகிறேன்.

எலக்ட்ரானிக் ட்யூனரை எடுத்துப் போங்கள். இ-9 நெக்கில் எட்டாவது தந்தியை, அதாவது கீழ் இ-யை, ட்யூனரில் பாருங்கள். இப்போது ஏ, பி பெடல் இரண்டையும் சேர்த்து மிதியுங்கள். அந்தத் தந்தியை இந்தப் பெடல்கள் தொடுவதே இல்லை, ஆனாலும் முள் கீழே இறங்கும். மிதிக்கும்போது மற்ற தந்திகளின் இழுவிசை கூடி, உடம்பே மிகச் சிறிய அளவு வளைகிறது. கேபினட் டிராப் என்பார்கள். பழைய கருவிகளில் நாலைந்து சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) சகஜம். பத்தைத் தாண்டினால் ஒன்று விலை இறங்க வேண்டும், அல்லது நீங்கள் எழுந்துவிட வேண்டும். எந்தப் பிக்கப்பும் இதைச் சரி செய்யாது.

ஷோ-பட் என்றால் கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் பல பாகங்கள் வார்ப்பு உலோகம், எளிதில் உடையும் ரகம். ஐம்பது வருடம் கழித்து விரிசல் விட்டிருக்கும், அல்லது யாரோ ஒருவர் எதையோ வைத்துக் கட்டியிருப்பார். மாற்றுப் பாகம் இன்று செய்து விற்கிறார்கள், அதனால் பயப்பட வேண்டாம், ஆனால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தவற்றில், பெடலின் இழுவையைக் கடத்த, ராக் அண்ட் பேரல் அமைப்பு இருக்கும், பிறகு வந்தவற்றில் வேறு மாதிரி. பேரல் உள்ளதை இன்று தேடி வாங்குகிறார்கள். சரி செய்யவும் அதற்குப் பொறுமை வேண்டும்.

சேஞ்சர் விரல்களின் தலையைத் தடவிப் பாருங்கள். அலுமினியத்தில் தந்தி அறுத்த பள்ளம் இருந்தால் மேல் தந்திகளில் ஒரு சிதார் கொர்ரென்று வரும். பலர் அதைப் பிக்கப் கோளாறு என்று நினைத்துப் பிக்கப்பை மாற்றிவிட்டு, அப்புறம் தலையைச் சொறிவார்கள். பள்ளத்தை மென்மையாக மெருகிட்டாலே போய்விடும்.

மிதித்து விட்டதும் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பவில்லையா? பெரும்பாலும் பழைய எண்ணெய் சேஞ்சருக்குள் பிசினாகிக் கிடக்கும். லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவை விட்டுக் கழுவி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மல்டிமீட்டர். கருவியின் அவுட்புட்டில் வைத்து, நெக் சுவிட்சை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளி ஓம் பாருங்கள். இந்த வகை சிங்கிள் காயில் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது வயர் விட்டிருக்கிறது. கருவியில் டோன், வால்யூம் குமிழ் ஏதாவது இருந்தால் அதுவும் அளவைக் கெடுக்கும், முழுவதும் திறந்து வைத்து அளக்கவும்.

நவம்பர் 8

அந்த 15, 20 எண்ணைப் பிடித்துக்கொண்டு விற்பவரிடம் சண்டைக்குப் போவீர்கள் போலிருக்கிறது. நிறுத்துங்கள்.

ஓம் என்பது கம்பியின் நீளமும் தடிமனும் சேர்ந்த எண், அவ்வளவுதான். 42 எண் கம்பியில் சுற்றிய அதே காயிலை, அதே சுற்றுகளோடு, 44 எண் கம்பியில் சுற்றுங்கள். 44 மெல்லியது, ஆகவே ஓம் ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடும். சத்தம் அறுபது சதவீதம் கூடியதா? இல்லை. சுற்றும் காந்தமும் அதே. ஆகையால் 22 கிலோ ஓம், செம ஹாட் (சத்தம் பலம்) என்று விளம்பரம் பார்த்தால், எந்தக் கம்பி என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை.

ஓம் எண் உருப்படியாக உதவும் இடம் ஒன்றுதான்: முன்பு 17 காட்டிய பிக்கப் இப்போது 9 காட்டுகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட். நோய் கண்டுபிடிக்க நல்லது, குணம் சொல்ல உதவாது.

நவம்பர் 8, மறுபடியும்

என் எம்எஸ்ஏ கதையைக் கேட்டிருந்தீர்கள்.

வாங்கும்போது அதில் கம்பெனி ஹம்பக்கர்தான் இரண்டு நெக்கிலும். நல்ல பிக்கப். அமைதி, தடித்த சத்தம். எனக்குக் குறை ஒன்றுதான்: பாண்ட் முழுதாக வாசிக்கும்போது இ-9 நெக்கின் மேல் தந்திகள் டெலிகாஸ்டர் கித்தாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சிங்கிள் காயில் போட்டேன். உடனே முன்னால் வந்தது. பிரமாதம் என்று ஒரு வாரம் குதித்தேன். பிறகு ஒரு மதுக்கூட மேடையில் வாசித்தோம். மேலே டிம்மர் விளக்கு, பக்கத்தில் நியான் பீர் போர்டு. அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸ் முழுக்க என் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்தது. மெதுவான பாட்டில் டிரம்மர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கருவியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் இரைச்சல் குறையும் என்பது உண்மை. திருப்பினேன், குறைந்தது, ஆனால் மிச்சப் பாட்டுகளைச் சுவரைப் பார்த்து வாசித்தேன்.

இப்போது என் ஏற்பாடு: இ-9 நெக்கில் பில் லாரன்ஸ் 710. அது இரைச்சல் இல்லாத வகை, ஆனால் மேல் தந்திகளில் சிங்கிள் காயில் பக்கம் சாய்ந்த தெளிவு இருக்கிறது. சி-6 நெக்கில் கம்பெனி ஹம்பக்கரையே திரும்பப் போட்டுவிட்டேன். சி-6இன் பத்தாவது தந்தி .070 அங்குலம், அடுத்தது .054. அந்தத் தடித்த தந்திகளில் எம்எஸ்ஏவின் பழைய பிக்கப் கொடுக்கும் பிடி எனக்கு வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஒரே கருவியில் இரண்டு நெக்குக்கும் ஒரே பிக்கப் வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டின் சத்த அளவையும் உயரம் ஏற்றி இறக்கிச் சமமாக்கிக்கொண்டால் போதும்.

லாரன்ஸைத் தவிர ஜார்ஜ் எல் இ-66, ட்ரூடோன், டெலானிக்ஸ் என்று ஆளுக்கொரு கட்சி உண்டு. ட்ரூடோன் பழைய எம்மன்ஸ் பாணி சிங்கிள் காயில் கட்சி. நண்பரின் புஷ்-புல்லுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. டெலானிக்ஸை நான் என் கருவியில் போட்டதில்லை, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

நவம்பர் 10

வால்யூம் பெடலைப் பற்றிச் சொல்லாமல் பிக்கப்பைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கக் கூடாது. வரிசை தலைகீழாகிவிட்டது, போகட்டும்.

நாம் வாசிக்கும்போது வால்யூம் பெடல் எப்போதும் காலுக்கடியில். தட்டும்போது பாதி, ஒலி தேயத் தேய மெல்ல மிதித்து நிரப்புவோம். சாதாரணப் பெடலில் உள்ளே 500 கிலோ ஓம் பாட், அதாவது மாறும் மின்தடை. பாதி மிதியில் அந்த பாட்டின் பெரும் பகுதி பிக்கப்புக்கும் அடுத்த கேபிளுக்கும் நடுவில் வந்து உட்காரும். அந்தத் தடை, பின்னால் இருக்கும் கேபிளின் மின் கொள்ளளவோடு சேர்ந்து மேல் சத்தத்தை வடிகட்டும். அதாவது தட்டும் கணத்தில், உங்களுக்குத் தெளிவு எப்போது மிகவும் வேண்டுமோ அப்போது, அது குறைவு.

கேபிளின் நீளமும் அப்படித்தான். சாதாரண கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட்டைச் சுற்றி இருக்கும். 8 ஹென்றி மின்தூண்டல் உள்ள ஒரு காயிலுக்குப் பின்னால் மொத்தம் 400 பிக்கோஃபாரட் இருந்தால் அதன் ஒத்ததிர்வு (அது தூக்கி ஒலிக்கும் இடம்) 2800 ஹெர்ட்ஸ் பக்கம். அதையே 800 ஆக்கினால் 2000க்கு இறங்கும். 2800க்கும் 2000க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நாம் "இந்தப் பிக்கப் மந்தம், அந்தப் பிக்கப் பளிச்" என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சுற்று அதிகமான, தூண்டல் கூடிய ஸ்டீல் பிக்கப்புக்கு இது மற்ற கித்தார்களைவிட அதிகமாக உறைக்கும்.

கேபிள் சுமைக்கு வழி: கருவிக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு சின்ன பஃபர், அதாவது அந்தச் சுமை பிக்கப்பின் மேல் விழாமல் தடுக்கும் மின்பெட்டி. அல்லது கருவியிலிருந்து பெடலுக்குப் போகும் கேபிளை முடிந்தவரை குட்டையாக்குவது. பஃபர் விலை, நல்ல பிக்கப் விலையைவிடக் குறைவு. சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவே தேவையில்லை. பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம்.

இதில் எனக்கே ஒரு இரண்டாம் யோசனை உண்டு. பழைய ரெக்கார்டுகளில் நாம் மயங்கிக் கேட்கும் சத்தம் பஃபர் இல்லாமல், சாதாரணப் பெடல் வழியாக வந்தது. அந்த மந்தமும் அந்தச் சத்தத்தின் ஒரு பாகம். நண்பர் புஷ்-புல்லில் பஃபரைப் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டார். ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது என்றார். என் எம்எஸ்ஏவில் அதைக் கழற்றவே மாட்டேன். கருவியைப் பொறுத்தது.

நவம்பர் 11

இன்று பிக்கப் இல்லை, வேறு பேச்சு. "ஃபெண்டர் 400 மலிவாகக் கிடைக்கிறதே, எட்டு தந்தி போதாதா?" என்று ஒரு கேள்வி.

போதும், நீங்கள் ஸ்டீல் கலைஞர் ஸ்னீக்கி பீட் கிளைனோ என்றால். அவர் ஃபெண்டர் 400இல் எட்டே தந்தியை வைத்துக்கொண்டு, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் எல்லாம் போட்டு, நாஷ்வில்லில் யாரும் யோசிக்காத சத்தமெல்லாம் எடுத்தார். ஆனால் அவர் பயன்படுத்தியது பி-6 சுருதி. இன்று இ-9க்கு இருக்கும் பாடத் தாள்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. ஃபெண்டரில் கம்பித்தண்டுக்குப் பதிலாகக் கேபிள் ஓடும். மிதிக்கும்போது கால் கொஞ்சம் பஞ்சில் இறங்கும். பிக்கப் நல்ல பிக்கப், ஜாஸ்மாஸ்டர் கித்தார் பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். முதல் கருவியாக நான் சொல்ல மாட்டேன். இரண்டாவதாக, மூலையில் வைத்து ரசிக்க, கண்டிப்பாக.

பெடலே எப்படி வந்தது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஸ்டீல் கலைஞர் ஸ்பீடி வெஸ்ட் 1948லேயே பால் பிக்ஸ்பி செய்த பெடல் கருவியை வைத்திருந்தார். ஆனால் தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்து, ஒரு சுரம் நகர, பக்கத்துச் சுரம் அசையாமல் நிற்கும் அந்த ஜாலத்தை ஊர் முழுக்கக் கேட்க வைத்தவர் பட் ஐசக்ஸ். 1954இல் அவர் வாசித்த, பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாட்டு வெளிவந்த பிறகு, நாஷ்வில் ஸ்டீல்காரர்கள் எல்லோரும் கட்டில் கம்பி, கார் பாகம் என்று கிடைத்ததையெல்லாம் தங்கள் கருவியில் கட்ட ஆரம்பித்தார்கள்.

நவம்பர் 13

கோட்டுவாத்தியம் கேட்டு வளர்ந்த காது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் ஒரு எச்சரிக்கை. ட்யூனரில் எல்லாத் தந்தியையும் பச்சை விளக்கில் நிறுத்திவிட்டு, பெடல் மிதிக்காமல் இ மேஜரைத் தட்டிப் பாருங்கள். 3, 6 தந்திகளில் இருக்கும் ஜி ஷார்ப் முறைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் அங்கே அந்தர காந்தாரம். ட்யூனர் பின்பற்றும் சமப் பகுப்பில் அது 400 சென்ட், இயற்கைச் சுருதியில் 386. அந்த 14 சென்ட் கித்தாரில் மறைந்துவிடும், நீண்டு நிற்கும் ஸ்டீல் ஒலியில் மறையாது. அதனால் ஸ்டீல்காரர்கள் அந்தத் தந்திகளை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பார்கள். ஏ பெடல் மிதித்து வரும் சி ஷார்ப்புக்கும் அதே கதை, அங்கே ஏ மேஜருக்கு அதுதான் காந்தாரம். ஸ்டீல் ஆசிரியர் ஜெஃப் நியூமன் இதற்கென்றே தந்தி வாரியாக ஒரு அட்டவணை போட்டார், பலர் இன்றும் அதை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். முழு 14ஐயும் இறக்குவதா, பாதியோடு நிறுத்துவதா என்பதில் நான் பாதிக் கட்சி. கீபோர்டோடு வாசிக்க வேண்டியிருக்கிறது.

இது எதற்கு இங்கே என்றால், சுருதி சேராத கருவிக்குப் புதுப் பிக்கப் போட்டால் சேராத சுருதி இன்னும் தெளிவாகக் கேட்கும்.

கேட்டவர், நவம்பர் 16

அண்ணா, ஷோ-பட்டை வாங்கிவிட்டேன். எம்எஸ்ஏவில் கேபினட் டிராப் குறைவுதான், சத்தமும் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் ஷோ-பட்டின் முன்னால் உட்கார்ந்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. ஃப்ரெட்போர்டில் சீட்டுக்கட்டுச் சின்னங்கள் வேறு. அடியில் விரிசல் இருந்தது, விலையில் கழித்தார். இ-9 பிக்கப் 15 காட்டுகிறது. சி-6 எண்ணே வரவில்லை. விற்றவர் "சும்மா கிடந்தது" என்றார். புதுப் பிக்கப்பாக இரண்டும் வாங்கிப் போட்டுவிடவா?

நவம்பர் 16, இரவு

நல்ல முடிவு. சீட்டுக்கட்டுக்காக வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை, அதற்காகத்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள்.

இரண்டையும் மாற்றாதீர்கள். இ-9இல் 15 வருகிறதே, அதைத் தொடவே வேண்டாம். ஷோ-பட்டின் சொந்தச் சிங்கிள் காயில் அந்த மேப்பிள் உடம்போடு சேர்ந்து தரும் இனிப்பு, எம்மன்ஸில் கிடைக்காதது. எம்மன்ஸ் மோகத்தில் அதைக் கழற்றி எறிந்தவர்கள் இப்போது அதே பிக்கப்பைத் தேடி அலைகிறார்கள். முதலில் உயரத்தைச் சரி செய்யுங்கள். பன்னிரண்டாம் கட்டில் பாரை வைத்து, மேல் தந்தியையும் கீழ் தந்தியையும் தட்டிப் பாருங்கள். காந்தம் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் ஒலி சீக்கிரம் சாகும், தந்தி தனக்குத் தானே மோதுவது மாதிரி ஒரு அலைவு வரும். நவம்பர் 5இல் ஒத்திவைத்த காந்த விஷயம் இதுதான். கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஆம்பில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் நடு ஒலியைக் குறைத்துப் பாருங்கள். ஸ்டீலுக்குச் செய்த பீவி ஆம்புகளில் நடு ஒலிக்குத் தனிக் குமிழ் இருப்பதே இதற்குத்தான். இதெல்லாம் ஆன பிறகும் குறை இருந்தால் பிக்கப் பேசலாம்.

சி-6 காயில்: கழற்றி, மேலே சுற்றிய டேப்பைப் பொறுமையாகப் பிரியுங்கள். காயிலின் வெளி முனை அறுந்திருந்தால் அதிர்ஷ்டம். பூதக்கண்ணாடி வைத்து ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டிவிட்டுச் சால்டர் வைக்கலாம். சுரண்டாமல் வைத்தால் பழைய எனாமல் கம்பியில் சால்டர் பிடிக்காது. அறுந்தது உள் முனை என்றால் உங்கள் வேலை அங்கே முடிந்தது, மறுசுற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும். அதே காந்தம், அதே அடித்தகடு, அதே 42 கம்பி என்று சொல்லிக் கொடுங்கள். "கொஞ்சம் ஹாட்டாகச் சுற்றித் தருகிறேன்" என்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். இ-9இன் 15க்கு அருகில் வந்தால் இரண்டு நெக்கும் சமமாக நிற்கும்.

எதைக் கழற்றினாலும் தூக்கிப் போடாதீர்கள். வயர், திருகு, உடைந்த பாகம் எல்லாம் ஒரு பெட்டியில். நாளைக்கு விற்கும்போது அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

நவம்பர் 29

மறுசுற்று வந்துவிட்டதாகவும், சி-6 தனியாக அருமை, இ-9 தனியாக அருமை, சுவிட்சை நடுவில் வைத்தால் மட்டும் சத்தம் மெலிந்து டெலிபோனில் கேட்பதுபோல இருக்கிறதென்றும் எழுதியிருக்கிறீர்கள். சுற்றியவரிடம் சண்டை வேண்டாம். நடுவில் இரண்டு பிக்கப்பும் இணையாகச் சேரும், வாசிக்காத நெக்கின் பிக்கப் மற்றதன் மேல் சுமையாக விழுந்து சத்தத்தை மெலிய வைக்கிறது. வயரை இடம் மாற்றினாலும் இது போகாது, ஒவ்வொரு பிக்கப்பும் தன் நெக்கின் தந்திகளை மட்டும்தான் கேட்கிறது. புதிதாகச் சுற்றியதில் அடித்தகடு எந்த வயரோடு சேர்ந்திருக்கிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். தகடு எர்த் பக்கம்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தகட்டில் கை பட்டதும் இரைச்சல் கூடும்.

மற்றபடி அப்படியே விடுங்கள். இரண்டு நெக்கையும் ஒரே சமயத்தில் வாசிக்க நம்மிடம் கை இல்லை.